3க + 5 ஏன் 8க ஆகாது?

3க + 5 என்பதைக் கண்டதும் 8க என்று எழுதிவிடுவது இயற்கணிதம் தொடங்கும் பலரும் செய்யும் தவறு. சரிபார்க்கலாம் என்று க = 1 போட்டால் இரண்டுமே 8 என்று வந்து ஏமாற்றும். க = 5 போடுங்கள், குட்டு உடைந்துவிடும்: ஒன்று 20, மற்றது 40.

(எழுத்து எதுவானாலும் கணக்கு மாறாது. 1591-ல் பிரெஞ்சுக் கணிதர் வியட்டா தெரியாத எண்களுக்கு உயிரெழுத்துகளையும் தெரிந்தவற்றுக்கு மெய்யெழுத்துகளையும் வைத்தார். நமக்கு இங்கே க, ப போதும்.)

மாறி என்பது ஓர் எண் உட்காரும் இடம். பொருளின் பெயர்ச்சுருக்கம் அல்ல. 'பேனாவுக்கு ப' என்று பழகினால் 3ப என்பது மூன்று பேனா என்றே மனத்தில் பதியும். பிறகு ப² வரும்போது பேனாவைப் பேனாவால் எப்படிப் பெருக்குவது? ப என்பது ஒரு பேனாவின் விலை, 3ப மூன்று பேனாவின் விலை. நடுவே பெருக்கல் குறி மறைந்திருக்கிறது, அவ்வளவுதான். க = 4 எனில் 3க என்பது 12; 34 இல்லை.

மாறியைப் பெருக்கி நிற்கும் அந்த 3 தான் கெழு. கெழுவில் தடுக்கி விழவைப்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாததுதான். க-வின் கெழு 1, பூச்சியம் அல்ல. −ப-வின் கெழு −1. க/3-இல் கெழு 1/3. (2க − 5)/3 என்றால் க-வின் கெழு 2/3, மாறிலி (மாறி இல்லாத தனி எண்) −5/3; வகுத்தல் இரண்டு உறுப்புகளுக்கும், அதாவது கூட்டல் கழித்தல் குறிகள் பிரிக்கும் இரண்டு துண்டுகளுக்கும், உண்டு. 'எதனுடைய கெழு' என்றும் கேட்டாக வேண்டும்: 6கப-வில் கப-வின் கெழு 6, க-வின் கெழுவோ 6ப.

உறுப்புக்கு முன்னால் நிற்கும் குறி அந்த உறுப்புக்கே சொந்தம். இதைச் சுருக்கிப் பாருங்கள்:

7க − 4(க − 3ப) − ப + 6

அடைப்புக்குள் போவது 4 அல்ல, −4. ஆகவே −4 × −3ப = +12ப. விரித்தால் 7க − 4க + 12ப − ப + 6. ஒத்த உறுப்புகளை, அதாவது எழுத்துப் பகுதி ஒன்றாக உள்ளவற்றை, மட்டும் சேர்த்தால் 3க + 11ப + 6. (3க-வும் 5-உம் ஒத்தவை அல்ல; அதனால்தான் 3க + 5 என்பது 8க ஆகாது.) குறியை விட்டவர்களுக்கு 3க − 13ப + 6 வரும். க = 5, ப = 3 போட்டால் மூலக்கோவை (சுருக்கும் முன் இருந்தது) 35 + 16 − 3 + 6 = 54; சரியான விடையும் 15 + 33 + 6 = 54; தவறானது −18.

சோதனைக்கு 0, 1, 2 வேண்டவே வேண்டாம். 2க-வும் க²-உம் 0-விலும் 2-லும் ஒன்றாகிவிடும். (க + 3)²-உம் க² + 9-உம் 0-வில் ஒன்றாகிவிடும். குறை எண்ணைப் போடும்போது அடைப்புக்குறி கட்டாயம்: க = −3 எனில் க² = (−3)² = 9, −க² = −9.

கோவையில் சமக்குறி கிடையாது. அதனால் அதைத் 'தீர்க்க' முடியாது, சுருக்க மட்டுமே முடியும். சமன்பாட்டில் இருபுறமும் 6-ஆல் பெருக்கிப் பின்னத்தின் பகுதியை (கீழே உள்ள எண்ணை) ஒழித்த பழக்கத்தில், க/2 + க/3 என்ற கோவையையும் 6-ஆல் பெருக்கி 5க என்று முடிப்பவர்கள் ஏராளம். பெருக்கினால் மதிப்பே மாறிவிடும். க = 6 எனில் மூலம் 3 + 2 = 5; 5க என்பது 30. சரியான சுருக்கம் 5க/6.