இரண்டாம் ஓட்டம்: கிட்ஸ்பூல் நாட்குறிப்பு

ஜனவரி 20
ஆஸ்திரியாவின் கிட்ஸ்பூல். ஸ்லாலம் பந்தயம்: கம்பங்களைச் சுற்றிச் சுற்றிப் பனிச்சரிவில் சறுக்கி இறங்குவது, இரண்டு ஓட்டம். மைனஸ் 9. துளைகள் வைத்த குழாயைச் சரிவின்மேல் அழுத்திப் பனிக்குள் தண்ணீர் ஏற்றுகிறார்கள். இரவு முழுக்க இந்தக் குளிர் நின்றால் சரிவு இறுகிக் கண்ணாடிதான்.

ஜனவரி 21
பந்தயத்தில் ஓடும் நம் பையனின் இடது முழங்கால் வீங்கவில்லை.

ஜனவரி 22
ஞாயிறு இரண்டாம் ஓட்டத்துக்குக் கம்பம் நடுவது நம் பொறுப்பு. சுற்றிவரும் கம்பத்திலிருந்து அடுத்ததற்கு 6 முதல் 13 மீட்டர் வரை விடலாம். நெருங்கி நிற்கும் இரண்டு கேட் (கம்ப வாசல்) சேர்ந்த ஹேர்பினுக்குள் 75 செ.மீ. முதல் 1 மீட்டர். இந்த இடைவெளிக்குள்ளேயே ஒருவனைத் தூக்கிவிடவும் முடியும், ஒருவனைக் கவிழ்க்கவும் முடியும். வலப்பக்கம் திரும்பும்போது பாரம் முழுவதும் இடது காலில். வலத் திருப்பங்களைக் கொஞ்சம் நேராக வைத்தால் பையன் பிழைப்பான். அதற்காக வைக்கக் கூடாது. சோச்சி ஒலிம்பிக் 2014 நினைவில் நிற்கிறது: இரண்டாம் ஓட்டத்தை நட்டவர் குரோஷியாவின் ஆன்டே கொஸ்தேலிச். தாளம் உடைந்துகொண்டே போனது, முன்னணியினர் பலர் கீழே வந்து சேரவில்லை. தங்கம் மாரியோ மாட்டுக்கு. ஓடுகிறவனுக்குக் கால் சொல்லிவிடும். நடுகிறவன் எல்லார் காலையும் மனதில் வைத்து அளக்க வேண்டும்.

ஜனவரி 23
தெற்குக் காற்று. பிளஸ் 4. பனி இளகுமே என்று வயிற்றைக் கலக்குகிறது.

ஜனவரி 24
உப்பு போடுவார்கள். பனியில் ஈரம் இருந்தால்தான் உப்பு பிடிக்கும். கரையும்போது சுற்றியுள்ள சூட்டை இழுத்து மேற்பரப்பை இறுக்கும். பொடி உப்பு உடனே பிடித்துச் சீக்கிரம் விட்டுவிடும், கல்லுப்பு நின்று வேலை செய்யும். இளகிய பனியில் துளை அகன்றால் கம்பத்தின் அடித் திருகு பிடிக்காது, முதல் அடியிலேயே கம்பம் பிடுங்கிக்கொண்டு வரும். துளைப்பானுக்குக் கூடுதல் பேட்டரி. மாற்றுக் கம்பங்கள், திருகுச் சாவி இரண்டு, நீலச் சாயம்.

இந்த ஊர்க்காரர், பனிச்சறுக்கு வீரர் டோனி ஸைலர். 1956 கோர்டினா ஒலிம்பிக்கில், வேகப் பந்தயமான டவுன்ஹில் தொடங்குமுன் அவருடைய காலணியைப் பலகையோடு கட்டும் பட்டை அறுந்தது. தன் பட்டையைக் கழற்றிக் கொடுத்தவர் இத்தாலி அணியின் பயிற்சியாளர் ஹான்ஸ்ல் செங்கர். அன்று கிடைத்தது ஸைலரின் மூன்றாவது தங்கம். 1972 முதல் 1976 வரை ஆஸ்திரிய அணியை நடத்தியவரும் ஸைலரே. வேறு அணிப் பையனுக்குப் பட்டையைக் கழற்றிக் கொடுத்த அந்தக் கை!

வலத் திருப்பங்களை நேராக்கவில்லை. வரைபடத்தை மூன்றாம் முறை பார்த்தாயிற்று.

ஜனவரி 25, காலை
மைனஸ் 1. பையனின் சறுக்குப் பலகையில் பக்க விளிம்பு 87 பாகை, அடி அரைப் பாகை. முழங்கால் வீங்கவில்லை.

நண்பகல்
முதல் ஓட்டத்தில் பையன் 28-ஆவது. இரண்டாம் ஓட்டத்தில் முதல் 30 பேர் தலைகீழ் வரிசை, ஆகவே மூன்றாவதாக இறங்குவான். தடம் குழியாகும் முன்பே. 11-ஆம் கேட்டில் திருகு சுழல்கிறது, பிடிக்கவில்லை. அரை மீட்டர் மேலே மாற்றித் துளைக்கிறோம். அங்கே அது வலத் திருப்பம்.