முதல் கேள்வியிலேயே சிக்கல்: மெட்ரிக் சோதனையில் மூன்று வாரம் போன கதை

அலுவலகப் பணியாளர்களைவிடக் களப் பணியாளர்களுக்கு நிறுவனத்தின் மேல் கடமை உணர்வு குறைவு என்று கட்டுரை எழுதி அனுப்பியிருந்தேன். மதிப்பீட்டாளர் ஒரு வரியில் திருப்பிவிட்டார்: இரண்டு குழுவும் கேள்விகளை ஒரே மாதிரிதான் புரிந்துகொண்டார்கள் என்பதற்கு ஆதாரம் எங்கே? கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்டது நியாயம்.

நான் எடுத்தது, நிறுவனப் பற்றை அளக்கும் கேள்வித்தாளின் மேயர், ஆலன், ஸ்மித் 1993 வடிவம். உணர்வுப் பற்று, தொடர்ச்சிப் பற்று, கடமைப் பற்று என மூன்று பரிமாணம். ஒவ்வொன்றுக்கும் ஆறு கேள்வி. இரு குழுவிலும் கேள்விகள் அதே பரிமாணங்களாகப் பிரிகின்றனவா என்று பார்க்கும் கான்ஃபிகரல் சோதனை ஒரே நாளில் முடிந்தது. அடுத்த படியான மெட்ரிக்கில் லோடிங்குகளை (ஒவ்வொரு கேள்வியும் தன் பரிமாணத்தோடு எவ்வளவு இறுக்கமாக இணைகிறது என்ற எண்) இரு குழுவிலும் சமமாக்கியதும், மாதிரி தரவுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் சிஎஃப்ஐ சரிந்தது, ஆய்வாளர்கள் சியுங்கும் ரென்ஸ்வோல்டும் 2002இல் சொன்ன 0.01 எல்லையைத் தாண்டி.

சரி, பகுதிச் சமத்தன்மைக்குப் போகலாம், அதாவது சில கேள்விகளை மட்டும் குழுவுக்குக் குழு வேறுபட விடலாம் என்று, எந்தச் சமம் பொருந்தவில்லை எனச் சொல்லும் ஸ்கோர் டெஸ்ட் காட்டிய கேள்விகளை ஒவ்வொன்றாக விடுவித்தேன். ஒன்றை விட்டால் இன்னொன்று தலைதூக்கியது. கடமைப் பற்றில் கிட்டத்தட்ட எல்லாக் கேள்வியும் குற்றவாளி. பிறகுதான் பட்டியலில் ஒரு கேள்வி வரவே இல்லை என்று கவனித்தேன்: முதல் கேள்வி. நான் பயன்படுத்திய லாவான் மென்பொருள், நாம் எதுவும் சொல்லாவிட்டால், ஒவ்வொரு பரிமாணத்திலும் முதல் கேள்வியின் லோடிங்கை இரு குழுவிலும் 1 என்று பூட்டிவிடும். பூட்டியதைச் சோதிக்காது. அந்தக் கேள்விதான் அந்தப் பரிமாணத்தின் ஒரே மறுப்புக் கேள்வி! "எந்தக் கடமையும் இல்லை" என்ற பொருளில் வருவது. களப் பணியாளர்களிடம் அதை வாய்விட்டுப் படித்துத்தான் கேட்டோம். "ஆமாம்" என்றவர் கடமை உண்டு என்றாரா, இல்லை என்றாரா? யாருக்குத் தெரியும்.

பூட்டை வேறு கேள்விக்கு மாற்றி, முதல் கேள்வியின் லோடிங்கை மட்டும் விடுவித்தேன். மெட்ரிக் தேறியது. இதைத் தொடங்குவதற்கு முன்பே செய்திருக்க வேண்டும். மறுப்புக் கேள்வியை ஒருபோதும் பூட்டாதீர்கள். அப்புறம் ஒன்று: பரிமாணங்களைத் தனித்தனியாகவும் ஓட்டிப் பாருங்கள். பதினெட்டு கேள்வியும் ஒன்றாக ஓடும்போது கோளாறு எதில் என்று தெரிவதில்லை.

கேள்விகளின் இன்டர்செப்ட்டுகளையும், அதாவது அடிப்படைப் பதில் அளவுகளையும், சமமாக்கும் ஸ்கேலர் படியில் அதே கேள்வியின் இன்டர்செப்ட்டையும், இன்னொன்றையும் விடுவிக்க வேண்டியிருந்தது. மீதி நான்கு நின்றன. கூட்டு மதிப்பெண்ணைக் கைவிட்டு உள்ளுறை சராசரிகளை (பதில்களிலிருந்து மாதிரி கணிக்கும் பற்றின் சராசரிகளை) ஒப்பிட்டால், நான் பெருமையாக எழுதிய அந்த வித்தியாசம் காணோம்.

தலைப்பை மாற்றி, நேற்று மறுபடி அனுப்பினேன். பதில் கடிதத்தில் மதிப்பீட்டாளருக்கு நன்றி சொன்ன வரியை மட்டும் இரண்டு முறை அழித்து எழுதினேன்.