கறுப்பு ட்யூப தூக்கி ஓரமா வைங்க

நம்ம ஊரு வெயில்ல கலர மட்டும் நம்பி படம் வரைஞ்சா கண்டிப்பா ஏமாத்திரும். வாழைத் தோட்டத்துக்குள்ள செவப்புச் சேலை கட்டுன ஒரு அக்கா நின்னா அது எம்புட்டு தூரத்துல இருந்தும் பளிச்சுனு தெரியும்லா, அதையே போன்ல போட்டோ எடுத்து பிளாக் அண்ட் ஒயிட்டுக்கு மாத்திப் பாருங்க, அக்காவ தேடணும். செவப்பும் கரும்பச்சையும் கிட்டத்தட்ட ஒரே கிரேல போய் நின்னுரும். அந்த வெளுப்பு கருப்பு அளவைத்தான் வேல்யூன்னு சொல்லுதாங்க. அமெரிக்காவுல மன்செல்னு ஒரு ஓவிய வாத்தியாரு கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 10னு அதுக்கு ஒரு அளவே போட்டு வச்சாரு. அவ்வளவு துல்லியம் நமக்கு வேண்டாம், கண்ணை பாதி மூடிக்கிட்டு பாத்தா வெளுப்பு, நடு, இருட்டுன்னு மூணா பிரிஞ்சு வரும், அத பென்சில்ல ஒரு தீப்பெட்டி சைஸ்ல போட்டுக்கிட்டா பாதி படம் முடிஞ்ச மாதிரி. இத செய்யாம நேரா கலருக்குப் போறவங்க படம் தூரத்துல இருந்து பாத்தா சப்புனு இருக்கும், என்ன காஸ்ட்லி பெயிண்ட் வாங்குனாலும் சரி.

இதப் படிக்க திருநெல்வேலி தாமிரபரணி ஆத்துல இருக்க குறுக்குத்துறைய விட நல்ல எடம் கெடையாது. ஆத்துக்குள்ளயே முருகன் கோயிலு, சுத்தி கல் மண்டபம், எல்லாமே கல்லு. கிரே கலருதானன்னு கறுப்பையும் வெள்ளையையும் கலந்து பூசுனீங்கன்னா சிமெண்டு சுவரு வந்துரும், கல்லு வராது. நான் அல்ட்ராமரின் ப்ளூவும் பர்ன்ட் சியன்னாவும்தான் கலக்குவேன். பர்ன்ட் சியன்னா உள்ளுக்குள்ள ஒரு கருத்த ஆரஞ்சு, நீலத்துக்கு நேர் எதிரி, ரெண்டும் ஒண்ண ஒண்ணு அமுக்கி கிரே ஆயிரும். நீலம் கொஞ்சம் தூக்கலா இருந்தா குளிர்ந்த நிழலு, சியன்னா தூக்கலா இருந்தா வெயில் குடிச்ச கல்லு. இதுல இன்னொரு லாபம் என்னன்னா அல்ட்ராமரின் பெயிண்ட்ல இருக்க நீலப் பொடி சொரசொர பேப்பரோட குழியில போய் தங்கும், காஞ்சப்புறம் கல்லுல இருக்க புள்ளி புள்ளி தானா வந்துரும், நம்ம ஒரு வேலையும் பாக்க வேண்டாம். குளிச்சிட்டு ஏறி வந்த ஒரு அண்ணாச்சி, "என்னடே, கல்லுக்குப் போயி நீலத்தக் கரைக்குத"ன்னு கேட்டாரு. காயட்டும் அண்ணாச்சி, பொறவு சொல்லுங்கன்னேன். துண்டப் பிழிஞ்சிக்கிட்டே நின்னு பாத்துட்டு, "அட, கல்லுதாம்டே"ன்னுட்டு போனாரு.

வாட்டர்கலர்ல ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும், ஈரத்துல இருக்க கருமை காஞ்சா இருக்காது, ஒரு படி வெளுத்துரும். அதனால நிழல பயப்படாம போடுங்க, பயந்து பயந்து மூணு தடவ மேல மேல பூசுனா அழுக்குத்தான் மிஞ்சும்.

அப்புறம் கிரே தனியா இருக்கும்போது ஒரு கலரு, பக்கத்துல ஆளு வந்தா வேற கலரு. கோயில் மதில்ல காவிப் பட்டை அடிச்சிருப்பாங்கள்ல, அதுக்கு ஒட்டி இருக்க வெறும் கல்ல உத்துப் பாருங்க, லேசா பச்சை ஓடுன மாதிரி இருக்கும். கல்லுல பச்சை கெடையாது, எல்லாம் கண்ணு பண்ற வேலை. ஷெவ்ரோல்னு ஒரு பிரெஞ்சு கெமிஸ்ட், பாரிஸ்ல கோப்ளான் நெசவுக்கூடத்துல சாயத்துக்குப் பொறுப்பா இருந்தவரு, கறுப்பு நூலு சாயம் சரியில்லன்னு கம்ப்ளெய்ண்ட் வர, பாத்தா சாயத்துல குத்தமே இல்ல, பக்கத்துல நெய்ஞ்ச நீலமும் ஊதாவும்தான் கறுப்ப மங்கலாக்கிக் காட்டிருக்கு. அத வச்சு 1839ல ஒரு பெரிய புஸ்தகமே போட்டாரு.

கிரேன்னாலே சோகம், டல்லுன்னு சொல்றவங்க பிக்காசோ 1937ல வரைஞ்ச குவெர்னிகாவ ஒரு தடவ பாக்கணும். கறுப்பு வெள்ளை கிரே, அவ்வளவுதான், ஏழே முக்கா மீட்டர் அகலம், குண்டு போட்ட ஊரோட ஓலம் அதுல கேக்கும். டல்லாம்ல டல்லு.

அடுத்து திருச்செந்தூர் பக்கம் தேரிக்காட்டுக்குப் போலாம்னு இருக்கேன். அங்க இந்தக் கலவை அப்படியே செல்லாது, அம்புட்டு செவந்த மணல்ல சாதா கிரே நிழலு வச்சா ஷெவ்ரோல் சொன்ன மாதிரி பச்சையடிச்சிரும். சியன்னாவ நல்லா கூட்டி நீலத்த கொறைச்சு, பனை நிழலு மட்டும் நல்லா அடர்த்தியா போடணும். உச்சி வெயில்ல போனா நிழலு மரத்தடியிலயே சுருங்கிக் கெடக்கும், அதனால காலைல வெள்ளன பஸ்ஸு புடிக்கணும்.