மவுசாகலைத் தண்ணீரில் ஒரு கறுப்பு வெட்சூட்

இலங்கை மலைநாட்டில், மவுசாகலை நீர்த்தேக்கத்துக்கு அடியில் பழைய மஸ்கெலியா டவுன் கிடக்கிறது என்பது எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். கடும் வரட்சி வந்தால் பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளியே தெரியும், ஆட்கள் கூட்டமாகப் போய்ப் பார்ப்பார்கள். அந்த டவுனில் சாமான் வாங்கிய என் அம்மாயி, "அது ஊரையே முழுங்குன தண்ணி, கிட்டப் போகாத" என்று சொல்லியே எங்களை வளர்த்தார். முப்பத்து நான்கு வயதில் அதே தண்ணீரில் 750 மீற்றர் நீந்தப் பேர் கொடுத்துவிட்டு வந்தேன்.

கண்டியில் என்னோடு சைக்கிள் ஓடும் கூட்டாளிகள் சேர்ந்து வைத்த சின்ன ட்ரையத்லன் அது. 750 மீற்றர் நீச்சல், 20 கிலோமீற்றர் சைக்கிள், 5 கிலோமீற்றர் ஓட்டம். அனுமதி வாங்கி, இரண்டு படகும் போட்டிருந்தார்கள். படகில்லாமல் அந்தத் தண்ணீரில் யாரும் தனியாக இறங்காதீர்கள். அந்த விஷயத்தில் அம்மாயி சொன்னது சரிதான்.

வெட்சூட் என்றால் உடம்போடு ஒட்டிக் கிடக்கிற ரப்பர் நீச்சல் உடுப்பு. கொழும்புக் கடலில் நீந்துகிறவனுக்கு அது தேவையே இல்லை. எங்கள் பக்கம் மாசி மாத விடியற்காலை வேறு மாதிரி. நூலில் வெப்பமானியைக் கட்டித் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தேன், 20 பாகைக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. உலக ட்ரையத்லன் விதிப்படி, என்னைப் போன்ற சாதாரண ஆட்கள் 1500 மீற்றர் வரையான நீச்சலுக்கு வெட்சூட் போடுவதென்றால் தண்ணீர் 22 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேலே போனால் தடை. சூட்டின் தடிப்பும் 5 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது. எங்கள் ஆட்களும் அதையே வைத்துக்கொண்டார்கள்.

உண்மையைச் சொன்னால் குளிர் எனக்குப் பெரிய பிரச்சினை இல்லை. பைப் தண்ணீரில் காலை ஐந்து மணிக்குக் குளித்து வளர்ந்த உடம்பு. பிரச்சினை கால்தான். நீச்சல் பழகியதே இருபத்தெட்டு வயதில். தலையும் நெஞ்சும் மேலே நிற்கும், கால் இரண்டும் நங்கூரம் மாதிரிக் கீழே இழுக்கும். வெட்சூட் ரப்பரான நியோப்ரீனுக்குள் முழுக்கச் சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்கள். அது இடுப்பையும் தொடையையும் தூக்கிப் பிடிக்கும் என்றார்கள். அதற்காகத்தான் ஆசைப்பட்டேன்.

முதலில் வாங்கியது பிழையான சூட். அறுகம்பேயில் வேலை செய்கிற மச்சான் ஒருவன், வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுப்போன சர்ஃபிங் சூட்டை, அதாவது பலகையில் அலைச்சறுக்கு ஓடுகிறவர்கள் போடுவதை, மலிவாக வாங்கித் தந்தான். 3/2 என்று எழுதியிருந்தது, உடம்பில் 3 மில்லிமீற்றர், கை காலில் 2. வடிவாக இருந்தது, ஐந்து நிமிடத்தில் போட்டும் விட்டேன். அந்தச் சந்தோஷம் 50 மீற்றர் வரைக்கும்தான். சர்ஃபிங் சூட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் துணி. பலகையில் உரசினாலும் கிழியக் கூடாதே. அந்தத் துணி தண்ணீரை இழுத்துப் பிடிக்கிறது. தோள்பட்டையோ, பலகையில் படுத்துக் கை போடுகிறவனுக்கென்று வெட்டித் தைத்தது. தலைக்கு மேலே கையை நீட்டும்போதெல்லாம் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பது போல. அதோடு இடுப்பில் தண்ணீர் புகுந்து பை மாதிரி உப்பிவிட்டது.

இரண்டாவது, லண்டனிலிருந்து வந்த ஒருவர் கொண்டுவந்த பாவித்த ட்ரையத்லன் சூட். நெஞ்சிலும் தொடையிலும் தடிப்பு, தோளிலும் கையிலும் பலூன் மாதிரி மெல்லிசு, வெளிப்பக்கம் வழுவழுவென்று மீன் தோல். இதில் சட்டை அளவைப் பார்த்து வாங்கக் கூடாது. ஒவ்வொரு கம்பனிக்கும் உயரமும் எடையும் போட்ட ஓர் அட்டவணை இருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு அளவுக்கு நடுவில் நின்றால் சின்னதை எடுங்கள். கரையில் லேசாக ஏறினால் அது உங்களுக்குப் பெரிசு.

அதை முதல் தடவை போட்ட நாளை எங்கள் தோட்டத்து லயன் வீடுகளில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். காலில் சிலிசிலி பை, அதுதான் பிளாஸ்டிக் பை, மாட்டிக்கொண்டு நுழைத்தால் பாதம் வழுக்கிக்கொண்டு போகும், அது வரைக்கும் நல்லது. அதற்கு மேலே கொஞ்சம் கொஞ்சமாக மடித்து ஏற்ற வேண்டும், கவட்டில் இடைவெளி துளியும் இருக்கக் கூடாது. அங்கே ஒரு அங்குலம் தொங்கினால் தோளில் அது நாலு அங்குலமாகத் தெரியும். விரல் நுனியின் சதையால் மட்டும் பிடிக்க வேண்டும், நகம் படவே கூடாது. இதை அக்காவிடம் சொல்ல மறந்துவிட்டேன். இருபது வருசமாகக் கொழுந்து கிள்ளுகிற கை. "மூச்ச இழு தம்பி" என்று முதுகுப் பக்கம் ஒரு பிடி பிடித்தார். இடுப்புக்கு மேலே பிறைநிலா மாதிரி ஒரு வெட்டு.

அக்கா முகம் செத்துவிட்டது. மஸ்கெலியா டவுனில் செருப்புத் தைக்கிற அண்ணன் பார்த்துவிட்டு, "இது ஒரு பெரிய விசயமா?" என்று தன் பசையைப் பூசி அழுத்திப் பிடித்தார். செருப்புப் பசையிலும் பெரும்பாலும் இதே நியோப்ரீன் வகை ரப்பர்தானாம், நன்றாக ஒட்டிக்கொண்டது. இருநூறு ரூபாய்.

பழகிய மூன்று நாளில் இன்னொன்று கற்றேன். கழுத்து. மூச்சுக்குத் தலையைத் திருப்பித் திருப்பி, சுற்றிவர ஒரு சிவப்புக் கோடு. "என்னடா, கன்னுக்குட்டிக்குக் கயிறு கட்டுன மாதிரி இருக்கு?" என்றார் அம்மா. கழுத்திலும் கக்கத்திலும் முன்கூட்டியே வழுக்குக் களிம்பு பூச வேண்டும். பெட்ரோலியம் ஜெல்லி ரப்பருக்கு ஆகாது என்பதால் உரசலுக்கென்றே விற்கிற களிம்பை வாங்கினேன். ஒரு நன்மையையும் சொல்லிவிட வேண்டும்: கரைப் புல்லில் நிற்கிற அட்டைக்கு சூட்டுக்குள் வழியில்லை. கணுக்காலில்தான் ஏறும்.

போட்டி நாள். இருட்டில் சிவனொளிபாத மலைக்குப் போகும் பாதையின் விளக்கு வரிசை தெரிந்தது. வெப்பமானி 20.5. நான் அவசரப்பட்டு அரை மணித்தியாலம் முந்தியே முழு சூட்டையும் மாட்டிக்கொண்டு நின்றதில் வியர்த்து ஊற்றியது. இடுப்பு வரை மட்டும் போட்டுக்கொண்டு கடைசிப் பத்து நிமிடத்தில் கையை நுழைத்திருக்கலாம்.

இறங்கியதும் கழுத்துப் பட்டியை இழுத்துக் கொஞ்சம் தண்ணீரை உள்ளே விட்டேன். அந்த ஒரு மடக்குத் தண்ணீர் உள்ளே பரவினால் சூட் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் கொடி காட்டியதும் எல்லாம் மறந்து போச்சு. நூறு மீற்றர் தாண்டவில்லை, நெஞ்சை யாரோ கட்டிப் பிடித்தது போல, மூச்சு பாதியில் நின்றது. குளிரும் பயமும் இறுக்கமும் ஒன்றாக வந்தால் அப்படித்தான் வரும் என்று பிறகு சொன்னார்கள். கீழே பார்த்தால் கருந்தண்ணீர். கோயில் எந்தப் பக்கம் இருக்கும் என்று அந்த நேரத்தில்தான் யோசனை போனது.

மல்லாந்து படுத்தேன். அவ்வளவுதான் செய்தேன். கை கால் அசைக்காமலே சூட் என்னைத் தக்கையாகத் தாங்கியது. படகுக்காரர் "சரியா தம்பி?" என்றார், கையைக் காட்டினேன். இருபது மூச்சு எண்ணினேன். அப்புறம் திரும்பி, காலை அடிக்காமல் சும்மா நீட்டிவைத்துக் கையை மட்டும் போட்டேன். கால் மேலேயே நின்றது.

கரையேறும்போதே முதுகுக் கயிற்றை இழுத்து ஜிப்பைத் திறக்க வேண்டும், உள்ளே தண்ணீர் இருக்கும்போதுதான் சூட் வழுக்கிக் கழலும். அதுவரை ஒழுங்கு. இடது கையில் மணிக்கூடு கட்டியிருந்ததை மறந்து உருவினேன், சட்டைக்கை அதில் மாட்டிக்கொண்டது. ஒரு காலால் மற்றக் காலின் சூட்டை மிதித்து இழுக்கும்போது சைக்கிள் பக்கத்தில் விழுந்தேன். எழும்பி ஓடினேன். கடைசியில் வந்தவர்களில் நானும் ஒருவன்.

வீட்டுக்கு வந்து சூட்டை நல்ல தண்ணீரில் அலசி, உட்புறத்தை வெளியே திருப்பி நிழலில் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். எழும்பிப் பார்த்தால் கொடியில் சூட் இல்லை. மழை தூறியதாம். அம்மா அதை மழைநாள் உடுப்புக் காயவைக்கிற அடுப்புக் கம்பியில் தொங்கவிட்டுவிட்டு, கீழே விறகை ஊதிக்கொண்டிருந்தார்.