அம்மாவின் ஹெபடைடிஸ் பி டெஸ்ட்டுக்கு அலைந்த கதை

போன வாரம் அம்மாவுக்குக் கல்லீரல் ஸ்கேன் முடிந்தது, கட்டி எதுவும் இல்லை. இந்த நிலைக்கு வந்து சேர ஐந்து மாதம் ஆனது, அதில் பாதி வீண்.

எல்லாம் மாமாவில் ஆரம்பித்தது. ஒருநாளும் குடிக்காத மனிதர், கல்லீரல் புற்றுநோய் என்று தெரியும்போதே முற்றிப் போயிருந்தது. ஹெபடைடிஸ் பி கிருமி பல வருடமாக உள்ளே இருந்திருக்கிறது, கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் ரத்தம் கொடுத்துப் பாருங்கள் என்றார் டாக்டர். இந்த நாட்டில் குடியேறும்போது எடுத்த மெடிக்கல் பரிசோதனையில் இதையும் பார்த்திருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தோம். பழைய ஃபைலைத் தோண்டினால் எக்ஸ்ரே இருக்கிறது, இந்த டெஸ்ட் எங்கேயும் இல்லை.

முதல் தடவை அம்மா தனியாகப் போனார், நான் லீவு போடாதது தப்பு. போனில் வந்த மொழிபெயர்ப்பாளர் ஹெபடைடிஸ் பி என்பதை "மஞ்சள் காமாலை" என்று சொல்லிவிட்டார். "எங்கள் வீட்டில் யாருக்குமே வந்ததில்லையே" என்றார் அம்மா. படிவத்தில் 'இல்லை' என்று டிக் விழுந்துவிட்டது. மஞ்சள் காமாலை ஒரு அறிகுறிதான், இந்தக் கிருமி கண்ணில் மஞ்சளே காட்டாமல் முப்பது நாற்பது வருடம்கூட உள்ளே இருக்கும். அன்றைக்கு எழுதிக் கொடுத்தது லிவர் ஃபங்ஷன் டெஸ்ட் மட்டும், அது கல்லீரல் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது, கிருமியைத் தேடுவதில்லை. நார்மல் என்று வந்தது. அம்மா சந்தோஷமாக எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னார், அதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

இரண்டாவது தடவை நானும் கூடப் போனேன். "ரிப்போர்ட் நார்மல்தானே, மறுபடி எதற்கு" என்று ரிசப்ஷனிலேயே திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். விடவில்லை. ஹெபடைடிஸ் பி-க்கான ரத்தப் பரிசோதனைகள் ஹெச்பிஎஸ்ஏஜி, ஆன்டி ஹெச்பிஎஸ், ஆன்டி ஹெச்பிசி டோட்டல் என்று மூன்று பெயரையும் ஒரு தாளில் எழுதி, கீழே "அண்ணன் கல்லீரல் புற்றுநோயில் இறந்தார்" என்று சேர்த்து டாக்டரிடமே நீட்டினேன். அந்தக் கடைசி வரியைப் படித்த பிறகு அவர் மறுபேச்சுப் பேசவில்லை. அந்த மூன்றில் முதலாவதான ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ், அதாவது கிருமி உள்ளே இருக்கிறது.

ஸ்பெஷலிஸ்ட், ஃபைப்ரோஸ்கேன் (கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்ப்பது), வைரல் லோடு (ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று பார்ப்பது) எல்லாம் சிக்கலில்லாமல் நடந்தன. கல்லீரல் சுருங்கவில்லை, ஆனால் ஹெபடைடிஸ் பி இருந்தால் கல்லீரல் சுருங்காமலேயே புற்றுநோய் வரலாம், அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அல்ட்ராசவுண்ட். அடுத்த தேதியை நாமே கேட்டு வாங்க வேண்டும், அவர்களாகக் கூப்பிடுவார்கள் என்று இருந்துவிடாதீர்கள். தடுப்பூசி போட்டாயிற்றே என்றும் விட்டுவிடாதீர்கள், ஏற்கனவே உள்ளே இருக்கும் கிருமியை அது ஒன்றும் செய்யாது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தன் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்தார். சேர்ந்து சாப்பிடுவதால் பரவாது, ரத்தம் படக்கூடிய ரேசர், டூத் பிரஷ் மாதிரியானவற்றைத்தான் பகிரக் கூடாது என்று டாக்டரையே மறுபடி சொல்லவைத்த பிறகுதான் திரும்ப ஒன்றாக உட்கார்ந்தார்.

பிரசவத்தில் தாயிடமிருந்து தொற்றும் குழந்தைகளில் 100-க்கு 90 பேருக்கு அது நிலைத்துவிடுகிறதாம். எனக்கு நெகட்டிவ். தம்பிக்கு வியாழக்கிழமை ரத்தம் எடுக்கிறார்கள், அந்தத் தாளை அவனிடம் கொடுத்திருக்கிறேன்.