துப்பாமல் விழுங்கக் கற்ற கதை

முதல் வாய் பியரை வாஷ்பேசினில் துப்பினேன். பிடிக்காததால் இல்லை, பழக்கதோஷம். இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலை ஃபெக்டரியில் தரம் பார்க்கிற வேலை எனக்கு, பன்னிரண்டு வருடமாக. வரிசையாக வைத்த வெள்ளைக் கோப்பைகளில் இருந்து கரண்டியால் அள்ளி, சத்தம் வர உறிஞ்சி, நாக்கில் ஒரு சுற்றுச் சுற்றி, தொட்டியில் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போக வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கோப்பை. எல்லாவற்றையும் விழுங்கினால் மத்தியானச் சோறு இறங்காது, ராத்திரித் தூக்கமும் வராது.

என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தேத்தண்ணி மாதிரி இல்ல இது. முழுங்கினாத்தான் பியர் தெரியும்."

இவருக்குப் பயணிகள் கப்பலில் வேலை, அதுவும் பாரில். எட்டு மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. ஒவ்வொரு முறை வரும்போதும் மூன்று நான்கு போத்தல்களைச் சாரத்திலும் காலுறையிலும் சுற்றிக்கொண்டு வருவார். ஒரு தடவை ஒன்று பெட்டிக்குள் உடைந்து, மூன்று முறை துவைத்தும் சட்டைகளில் இருந்து புளித்த வாசம் போகவில்லை. அந்தப் போத்தலில் என்ன இருந்தது என்று கடைசி வரை தெரியவில்லை. லேபல் கரைந்துவிட்டது.

இவர் சொன்னது சரிதான் என்று அப்புறம் புரிந்தது. தேநீரில் நான் தேடுவது துவர்ப்பு. அது கன்னத்தின் உட்பக்கத்தையும் ஈறையும் பிடித்து இழுக்கும், துப்பினாலும் நின்று பேசும். பியரில் நான் அதையே தேடிக்கொண்டிருந்தேன், கிடைக்கவில்லை. அங்கே இருப்பது கசப்பு. அது தாமதமாக, விழுங்கிய பிறகு, அடிநாக்கில் எழுந்து வருகிறது. துப்பினால் பாதிக் கதையோடு எழுந்து போன மாதிரி. உறிஞ்சவும் முடியாது. தேநீரை உறிஞ்சுவது போல பியரை உறிஞ்சிப் பார்த்தேன், நுரை மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணீர் வந்து, இவர் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

கசப்பு பிடிக்க நாள் எடுக்கும். முதல் தடவை எந்தப் பிள்ளைக்குப் பாகற்காய் பிடித்தது?

என் சிக்கல் நாக்கு இல்லை, மூக்கு. எனக்குக் குடி வாசம் என்றால் பத்தாம் திகதி. தோட்டத்தில் சம்பள நாள். அன்றைக்கு டவுனில் வைன் ஸ்டோர் முன்னால் நிற்கும் வரிசை பஸ் ஸ்டேண்ட் வரை நீளும். கை இறுகிய மாதங்களில் அதுவும் இல்லை, ஆற்றோரத்தில் காய்ச்சுகிற கசிப்புதான். அப்பா ரோலர் ரூமில் வேலை செய்தார். நல்ல மனுசன். பத்தாம் திகதி ராத்திரி மட்டும் வேறு ஆள். அம்மா அரிசி வாளிக்குள் காசைப் புதைத்து வைப்பார், அவர் அரிசியோடு கொட்டித் தேடுவார். இதற்கு மேல் எழுத விருப்பம் இல்லை. அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது. அம்மா எங்களோடுதான் இருக்கிறார். அதனால் வீட்டில் ஒரு சட்டம்: ஒரு போத்தல், இரண்டு கிளாஸ், அதற்கு மேல் இல்லை. பத்தாம் திகதி எதுவும் திறப்பதில்லை.

இன்னொரு சட்டம் நாட்டுடையது. பெண்களுக்கு மது விற்கக் கூடாது என்று 1979இல் போட்டது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் அதை எடுத்தார், சில நாட்களிலேயே ஜனாதிபதி சொல்லித் திரும்பப் போட்டார்கள். அந்த வாரம் ஃபெக்டரியில் ஆண்கள் எல்லோரும் என்னைப் பார்த்து, "என்ன அக்கா, இனி நீங்களே போய் வாங்கலாமா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். நான் அதுவரை வைன் ஸ்டோர் படியில் கால் வைத்ததில்லை, இன்றுவரை வைத்ததுமில்லை. உள்ளூர் பியரையும் இவர்தான் வாங்கி வருவார்.

சரி, பியருக்கு வருவோம்.

என்னை மாற்றியது செக் நாட்டு பில்ஸ்னர். அதற்கு முன் குடித்த லேகர்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. ஐஸ் போல் குளிர்ந்து, பல் கூசி, என்ன குடித்தோம் என்றே தெரியாமல் போய்விடும். நாக்கு மரத்துப்போனால் ருசி எங்கே? எங்கள் குவாட்டர்ஸில் மார்கழி ராத்திரிக்கு ஃப்ரிட்ஜே தேவையில்லை. ஜன்னல் கட்டையில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும். இந்தப் பில்ஸ்னரை அப்படித்தான் குடித்தோம். முதலில் லேசான இனிப்பு, சுட்ட ரொட்டியின் ஓரத்து வாசம், பிறகு புல்லும் பூவும் கலந்த ஒரு கசப்பு நேராக வந்து நின்று, நேராகப் போனது. நோட்டில் "சுத்தம்" என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். ஃபெக்டரியில் அந்தச் சொல்லை நான் லேசில் எழுதுவதில்லை.

1842இல் பில்சன் என்ற ஊரில் ஜோசப் க்ரோல் என்கிற பவேரியாக்காரர் முதன்முதலில் காய்ச்சிய பியர் அது. இன்று உலகம் முழுக்க விற்கும் பொன்னிற லேகர்களில் பெரும்பாலானவை அதன் வழியில் வந்தவை. வெளிறிய மோல்ட் (முளைவிட்டுக் காய்ந்த வாற்கோதுமை), கசப்புக்கும் வாசத்துக்கும் சாட்ஸ் என்கிற ஹாப்ஸ் பூ, அதோடு அந்த ஊர்த் தண்ணீர். உப்பு, சுண்ணாம்பு அதிகம் இல்லாத மென்மையான தண்ணீராம். தண்ணீர் விஷயம் எனக்குச் சொல்லித் தர வேண்டாம். ஒருமுறை யாழ்ப்பாணத்தில் ஒரு கல்யாண வீட்டில், நான் கொண்டுபோன எங்கள் பி.ஓ.பி. ரகத் தேயிலையைக் கிணற்றுத் தண்ணீரில் போட்டார்கள். மேலே ஆடை படர்ந்து, நிறம் மங்கி, என் தேயிலையை எனக்கே அடையாளம் தெரியவில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

மோல்ட் எப்படிச் செய்கிறார்கள் என்று இவர் சொன்னபோதுதான் எனக்கு பியர் மேல் ஒரு சொந்தம் வந்தது. வாற்கோதுமையை ஊற வைத்து, முளை விட வைத்து, சரியான நேரத்தில் சூடான காற்றில் காயப்போட்டு முளையை நிறுத்துகிறார்கள். நாங்கள் கொழுந்தை வாட்டி, உருட்டி, சிவக்க விட்டு, சரியான நேரத்தில் ட்ரையரில் போட்டு நிறுத்துகிறோம். இரண்டிலும் நிறுத்துகிற நேரம்தான் வித்தை. பத்து நிமிடம் பிந்தினாலும் அன்றைய தேயிலையின் முகம் மாறிவிடும். ஒரு வித்தியாசம் சொல்ல வேண்டும். நாங்கள் 'ஃபெர்மென்டிங்' என்று சொன்னாலும் எங்கள் அறையில் ஈஸ்ட் கிடையாது, அங்கே வேலை செய்வது இலையின் சாறும் காற்றும்தான். அவர்களுக்குத்தான் உண்மையான நொதிப்பு.

ஈஸ்ட் என்னவெல்லாம் செய்யும் என்று ஜெர்மன் கோதுமை பியரில் பார்த்தேன். கலங்கலாக இருந்தது. கிளாஸை மூக்கிடம் கொண்டுபோனதும், "இதில வாழைப்பழம் போட்டிருக்காங்க, கராம்பும் போட்டிருக்காங்க" என்று அடித்துச் சொன்னேன். இரண்டும் போடவில்லை. பவேரியாவில் 1516இலேயே வாற்கோதுமை, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் பியரில் சேரக் கூடாது என்று சட்டம் எழுதியவர்கள் அவர்கள். கோதுமைக்கு அப்புறம் தனியாக அனுமதி வந்தது. வாழைப்பழமும் கராம்பும் அந்த ஈஸ்ட் தானாகவே உண்டாக்கும் வாசம். எனக்கு இது அதிசயமாகப் படவில்லை. ஊவாப் பக்கம் ஜூலையில் இருந்து செப்டம்பர் வரை கச்சான் காற்று அடிக்கும்போது, அங்கே வருகிற தேயிலையில் யாரும் எதுவும் போடாமலே தைலம் மாதிரி ஒரு குளிர்ந்த வாசம் ஏறும். முதல் தடவை முகர்கிறவர்கள், "என்ன கலந்தீங்க?" என்றுதான் கேட்பார்கள்.

அயர்லாந்தின் கறுப்பு பியர் கின்னஸ். அதன் கேனை ஆட்டியபோது உள்ளே ஏதோ கடகடவென்றது. "இதுக்குள்ள என்னமோ விழுந்திருக்கு, குடிக்காதீங்க" என்றேன். அது பிளாஸ்டிக் உருண்டையாம். திறந்தவுடன் நைட்ரஜனை விட்டு, பாரில் ஊற்றுவது போலப் பால் நுரை கட்டுவதற்காக வைத்தது. கறுப்பாக இருப்பதைப் பார்த்து ஏறிவிடும் என்று பயந்து பாதி கிளாஸோடு நிறுத்தினேன். அப்புறம் பார்த்தால் 4.2 வீதம்தான், நம்மூர் லயன் லேகரை விடக் குறைவு. நிறம் வறுத்த வாற்கோதுமையினால் வருவது, வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 'கறுத்த சாயம்தான் ஸ்ட்ரோங் டீ' என்று நினைக்கிறவர்களிடம் நானே எத்தனை தரம் விளக்கியிருப்பேன். எனக்கு இது தேவைதான்.

ஹாப்ஸ் தூக்கலான அமெரிக்க ஐ.பி.ஏ. பியர் ஒன்று. நாரத்தங்காய்த் தோலைக் கடித்த மாதிரி. வாசம் பிரமாதம், குடிக்கத் தண்டனை. இன்றுவரை சமாதானம் ஆகவில்லை.

பெல்ஜியத்து கெஸ் பியரைப் பற்றி மட்டும் இவர் முன்கூட்டியே எச்சரித்தார். பிரசல்ஸ் பக்கம், குளிர் மாதங்களில், காய்ச்சிய சாற்றை அகலமான தட்டுத் தொட்டியில் ராத்திரி முழுக்கத் திறந்து வைத்துவிடுவார்களாம். காற்றில் வருகிற ஈஸ்ட் தானாக விழுந்து நொதிக்க வேண்டும். பிறகு மரப் பீப்பாயில் வருடக்கணக்கில் கிடந்து, ஒரு வருடத்தது, இரண்டு வருடத்தது, மூன்று வருடத்தது எல்லாம் கலந்து போத்தலுக்கு வருகிறது. எங்கள் தொழிலில் புளிப்பு என்றால் யாரோ ரோலரைக் கழுவவில்லை, அல்லது கொழுந்து சூடேறிக் கிடந்திருக்கிறது. அன்றைக்கு எல்லோருக்கும் திட்டு விழும். இங்கே அந்தப் புளிப்பையே மூன்று வருடம் காத்திருந்து வாங்குகிறார்கள். குடித்தேன். ராத்திரி சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு குடிக்கிற நீராகாரம் நினைவுக்கு வந்தது. இவருக்கு ஒரு வாய் போதும் என்றாகிவிட்டது, மீதி முழுக்க நான்.

இத்தனை நாட்டுப் போத்தல்களுக்குப் பிறகுதான் நம்மூர்க் கறுப்பு பியரான லயன் ஸ்டவுட்டை ஒழுங்காகக் குடித்தேன். எட்டு வீதத்துக்கு மேல். நம் ஆட்கள் அதை அந்த எண்ணுக்காகவே வாங்கி, நின்ற இடத்தில் குடித்து முடிப்பார்கள். மெதுவாகக் குடித்தால் கித்துல் கருப்பட்டி, கோப்பி, கொஞ்சம் கருகின சீனி. பியரைப் பற்றியே எழுதி வாழ்ந்த ஆங்கிலேயர் ஒருவர், பெயர் மைக்கேல் ஜாக்சன் (பாட்டுக்காரர் இல்லை), இந்த ஸ்டவுட்டை வெளிநாட்டில் புகழ்ந்து எழுதிப் பேர் வாங்கிக் கொடுத்தார். நம் ஊரில் அதற்கு என்ன மரியாதை? 'கறுப்பு'.

அதன் ஊர் நுவரெலியா. நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போய்ப் பிற்காலத்தில் பேர் எடுத்த சாமுவேல் பேக்கர், 1849இல் அங்கே பியர் காய்ச்சத் தொடங்கினார் என்கிறார்கள். 1881இல் சிலோன் ப்ரூவரி வந்தது. 1990களின் கடைசியில் எல்லாம் கொழும்புப் பக்கம் பியகமவுக்கு இறங்கிவிட்டது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் இந்த நாட்டின் முதல் தேயிலைத் தோட்டத்தைப் போட்டது 1867. அப்படியானால் இந்த மலையில் தேயிலைக்குப் பதினெட்டு வருடம் முன்னாலேயே பியர் இருந்திருக்கிறது. இதைக் கணக்குப் பார்த்த அன்றைக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. பேக்கர் துரை குளிருக்கு பியர் காய்ச்சிக்கொண்டிருந்த நேரம், எங்கள் ஆட்கள் கோப்பித் தோட்டத்துக்கு மன்னாரில் இருந்து காடு வழியாக நடந்து வந்துகொண்டிருந்தார்கள். வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை.

போன டிசம்பரில் இவர் ஜெர்மனியின் பாம்பெர்க் நகரத்து ஷ்லெங்கர்லா பியர் ஒன்று கொண்டு வந்தார். கிளாஸில் ஊற்றி முகர்ந்ததும் நான் கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டேன். "ட்ரையர் டியூப் ஓட்டை!"

உண்மையாகவே அப்படித்தான் வாயில் வந்தது. விறகு அடுப்பின் புகை ட்ரையருக்குள் கசிந்தால் தேயிலையில் புகை ஏறிவிடும். அந்தத் தொகுதி (இன்வொய்ஸ் என்போம்) முழுக்க விலை போகாது. என் வேலையில் நான் அதிகம் பயப்படுகிற வாசம் அது. இவர் விளக்கினார்: அங்கே மோல்ட்டை பீச் மர விறகுப் புகையில்தான் காய வைக்கிறார்கள், வேண்டுமென்றே. அந்தக் காலத்தில் பெரும்பாலான ஊர்களில் மோல்ட் நெருப்பின் மேல்தான் காய்ந்தது, அதனால் பியரிலும் புகை இருந்தது. மற்றவர்கள் விட்டுவிட்டார்கள், இவர்கள் விடவில்லை.

சமையலறையில் இருந்து அம்மா குரல் கொடுத்தார். "யாரு ஈர வெறகு வச்சது?"

நாங்கள் போத்தல் திறக்கிற இடத்துக்கு அம்மா வந்ததே இல்லை. அன்றைக்கு வந்தார். மேசையில் இருந்த என் கிளாஸை எடுத்து, மூக்குக்குக் கிட்டே வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் இவரைப் பார்த்தேன், இவர் என்னைப் பார்த்தார்.

"நம்ம பழைய லயத்துக் காம்பிரா வாசம்" என்றார். "மழ நாள்ல கம்பளிய அடுப்புக்கு மேல காயப் போடுவமே, அது."

குடிக்கவில்லை. கிளாஸைத் திரும்ப வைத்தார். போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், தடித்த பழுப்புக் கண்ணாடி, பழைய ஜெர்மன் எழுத்து.

"முடிச்சோன்ன கழுவிக் குடு. தேங்காண்ண ஊத்தி வைக்கலாம்."