பித்தொலோமாயில் அரை நாள்

பவுல் அப்போஸ்தலர் எருசலேமுக்குப் போகும் வழியில் பித்தொலோமாய் பட்டணத்தில் இறங்கி, சகோதரரோடு ஒருநாள் தங்கினார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 21-ஆம் அதிகாரத்தில் ஒரே ஒரு வசனம் வருகிறது. அந்தப் பட்டணமே இன்றைய இஸ்ரேலின் வடகரையிலுள்ள அக்கோ. எங்கள் குழுவின் பயண நிரலில் அது இல்லை. நாசரேத்திலிருந்து கர்மேல் மலைக்குச் சென்ற நாளில் வற்புறுத்திக் கேட்டு அரை நாள் பெற்றோம்.

கோட்டைக்குள் இறங்கியதும், புனித யோவான் பெயரால் அமைந்த துறவற வீரர்களின் கல்மண்டபங்கள் தொடங்குகின்றன. மூன்று பருத்த தூண்கள் தாங்கும் உணவு மண்டபத்தில் நெடுநேரம் நின்றேன். நோயுற்ற யாத்திரிகரைப் பேணுவதற்காகத் தோன்றிய சபை வாளையும் ஏந்தியது எப்படி என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. 1104-இல் ஐரோப்பியச் சிலுவைப்போர் வீரர் பிடித்த இவ்வூரை 1187-இல் முஸ்லிம் சுல்தான் சலாவுதீன் மீட்டார்; 1191-இல் அதைத் திரும்பக் கைப்பற்றிய ஆங்கில அரசர் ரிச்சர்டு, சரணடைந்திருந்த முஸ்லிம் கைதிகளில் ஆயிரக்கணக்கானோரைக் கொல்லச் செய்தார். சிலுவையை மார்பில் அணிந்தவர்கள் செய்த செயல் அது என்பதால், அந்த மண்டபத்தில் ஸ்தோத்திரம் சொல்ல எனக்கு நா எழவில்லை. 1291-இல் எகிப்தை ஆண்ட மம்லூக்குகளின் படை நகரைத் தகர்த்ததோடு சிலுவைப்போர் வீரரின் ஆட்சி முடிந்தது.

பிற்காலத்தில் ஒட்டோமானியத் துருக்கியர் இந்த மண்டபங்களை மண்ணிட்டு நிரப்பி, அவற்றின்மேல் தங்கள் கோட்டையை எழுப்பினர். 1799-இல் இரண்டு மாதம் முற்றுகையிட்டும் நெப்போலியனால் இவ்வூருக்குள் நுழைய முடியவில்லை. பின்னர் அந்தக் கோட்டை சிறையாயிற்று. பஹாய் சமயத்தை நிறுவிய பஹாவுல்லா 1868-இல் இங்கே குடும்பத்தோடு அடைக்கப்பட்டார். அவருடைய மகன்களில் ஒருவர் 1870-இல் கூரைமேல் ஜெபத்தில் ஆழ்ந்து நடக்கையில், வெளிச்சத்துக்காக விடப்பட்டிருந்த திறப்பின் வழியே விழுந்து இறந்தார். நம் சமயம் அல்லவென்றாலும், தலைவணங்காமல் அவ்விடத்தைக் கடக்க மனம் வரவில்லை. பிரிட்டிஷ் ஆட்சியில் யூதப் போராளிகள் இங்கே தூக்கிலிடப்பட்டனர். 1947 மே 4-இல் அவர்களின் தோழர்கள் மதிலை வெடிவைத்துத் தகர்த்துக் கைதிகளை மீட்டுச் சென்றனர்.

கடலோரத்தில் பிரான்சிஸ்கன் துறவியரின் சிறிய யோவான் ஆலயம் இருக்கிறது. அதன் வாசலருகே நின்று, பவுல் தங்கிய அந்த வசனத்தை எங்கள் போதகர் வாசித்தார். ஒரு நிமிடங்கூட ஆகவில்லை. அதற்குள் பேருந்து ஓட்டுநர் கைகாட்டி எங்களை அழைக்கத் தொடங்கிவிட்டார்.